தாளில் இல்லாத வரி

பியெத்ராமூத்தா என்ற மலை ஊரில் லத்தீன் டீச்சர் எர்சீலியா குவரந்தாவைக் கண்டு பயப்படாத ஆள் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். அவர் போன வருடம் இறந்துபோனார். அவரும் வெளியூரில் படித்தவர். மற்றபடி மேயர், மருந்துக்கடைக்காரர், பங்குச் சாமியார், பல் டாக்டர் எல்லோருமே அந்த ஊரின் லிச்செயோ என்ற மேல்நிலைப் பள்ளியில் ஐந்து வருடம் லத்தீனும் கிரேக்கமும் படித்து, எர்சீலியாவின் பென்சிலுக்குத் தலையைக் கொடுத்து, மிச்சத்தோடு வெளியே வந்தவர்கள். எர்சீலியாவுக்குப் பல் பார்த்தால் பல் டாக்டருக்கு இன்றைக்கும் கை நடுங்கும். அதனால் எர்சீலியா பக்கத்து ஊர் டாக்டரிடம் போய்வந்தார்.

பென்சில் ஒன்றுதான், முனை இரண்டு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். சின்னத் தப்புக்குச் சிவப்பு. கால் மதிப்பெண் போகும். பெரிய தப்புக்கு நீலம், அரை போகும். ஒரு வரியை மொழிபெயர்க்காமல் விட்டால் நீலத்தில் இரட்டைக்கோடு, ஒன்றரை போகும். மொத்தம் பத்து, தேற ஆறு. எர்சீலியாவின் பென்சிலில் எப்போதும் நீலப் பக்கம்தான் முதலில் தேயும். முப்பத்தேழு வருடத்தில் அவர் யாருக்கும் பத்து போட்டதில்லை. ஒன்பது ஒரே ஒருத்தனுக்கு, ஒரே ஒரு தடவை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "அடுத்த தடவை தாளைப் பாரு." எல்லாம் தாளிலேயே இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை என்பது அவர் கட்சி.

அவருடைய பெருமையெல்லாம் ஏப்ரல் மாதத் தேர்வில் இருந்தது. கடைசி வருடப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம், ஒரு லத்தீன் பத்தி, செங்கல் கனத்தில் ஓர் அகராதி. அவ்வளவுதான். பழைய லத்தீன் நூல் எதிலிருந்து பத்தியை எடுத்தாலும் அதற்கு மொழிபெயர்ப்பு எங்கேயாவது இருக்கும். முன்பெல்லாம் சின்னப் புத்தகமாகச் சட்டைக் கையில் சொருகி வந்தார்கள், இப்போது செல்போனில் வைத்திருக்கிறார்கள். இதற்கு முடிவு கட்ட 1998 கோடையில் எர்சீலியா கடற்கரைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து தானே ஒரு லத்தீன் பத்தியை எழுதினார். பதின்மூன்று வரி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பத்தி. ஆகவே உலகத்தில் வேறெங்கும் மொழிபெயர்ப்பும் இல்லை.

பத்தியில் ஒரு கதை இருந்தது. அரசாங்கத் தானியக் களஞ்சியத்துக்கு ஒரு காவலன். முப்பது வருடம் கதவை விட்டு அசையாமல் காவல் காக்கிறான். மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை, வெயிலுக்கு ஒதுங்கவில்லை. கிழவனாகி, கையில் சாவியோடு அங்கேயே உயிரை விடுகிறான். கடைசி வரி இப்படி முடியும்: கதவைத் திறந்து பார்த்தபோது களஞ்சியம் காலியாக இருந்தது, பூட்டு மட்டும் நல்ல நிலையில் இருந்தது. அந்த வரியில் மூன்று கடினமான இலக்கண முடிச்சுகளை எர்சீலியா வைத்திருந்தார். கதைக்காக அவர் அதை எழுதவில்லை, முடிச்சுகளுக்காகத்தான் எழுதினார்.

அதற்குப் பிறகு வேறு பத்தி எழுத அவருக்குத் தேவை ஏற்படவில்லை. இதைவிட நல்லதாக இன்னொன்று எழுத முடியாது என்று அவர் நம்பினார். தேர்வன்று பத்தொன்பது பேர் என்றால் பத்தொன்பது தாள் கொடுப்பார், பத்தொன்பதையும் எண்ணித் திரும்ப வாங்குவார். நடுவில் இரண்டு மணி நேரமும் கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாள் வெளியே போகாதபோது பத்தி எப்படிப் போகும்?

இந்த செப்டம்பரோடு அவருக்கு ஓய்வு. ஜூனில் பழைய மாணவர்கள் சேர்ந்து விருந்து வைப்பதாக ஏற்பாடு. பித்தளைத் தகடு ஒன்றில் லத்தீனில் பொறித்துத் தருவதாகவும் இருந்தது: "இவரிடம் யாரும் காப்பி அடித்ததில்லை." மேயர் அந்த வாசகத்தை முன்கூட்டியே அவர் பார்வைக்கு அனுப்பியிருந்தார். எர்சீலியா அதில் ஒரு நீலம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

இந்த ஏப்ரலில் பத்தொன்பது பேர் எழுதினார்கள். பதினெட்டு பேருக்கு வழக்கம்போல் ஆறும் ஆறரையும் ஏழும் வந்தது. பத்தொன்பதாவது ஆள் நீவெஸ் சம்மார்க்கோ. அப்பாவுக்கு வன இலாகாவில் மாற்றல். ஜனவரியில்தான் பாரி நகரத்திலிருந்து வந்து சேர்ந்த பெண். அவள் தாளில் நீலம் ஐந்து, சிவப்பு ஆறு, அதற்கும் மேலே கடைசி வரி சுத்தமாக இல்லை. இரட்டைக்கோடு. நாலரை.

நாலரை என்பது விளையாட்டில்லை. நீவெசுக்குக் கணக்கில் ஏற்கெனவே ஐந்து முடிவாகியிருந்தது. ஒரு பாடத்தில் தவறினால் ஆசிரியர் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு இறுதித் தேர்வுக்கு அனுப்பும். இரண்டில் தவறினால் அனுப்பாது. அதே வகுப்பில் இன்னொரு வருடம். லத்தீனுக்கு வேறு தேர்வும் பாக்கியில்லை. கால்நடை மருத்துவம் படிக்கப்போகும் அந்தப் பெண்ணின் ஒரு வருடம், கிழக் காவலன் ஒருவனின் கடைசி வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை இரண்டாவது மணிக்கு எர்சீலியா தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். நீவெஸ் தாளை வாங்கிக்கொண்டு போகாமல் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"என்னம்மா?"

"டீச்சர், கடைசி வரி விட்டுட்டேன்னு போட்டிருக்கீங்க."

"விட்டிருக்கே. அதான் போட்டிருக்கேன்."

"அப்படி ஒரு வரி இல்லையே டீச்சர்."

எர்சீலியா இந்த மாதிரி வாதங்களுக்குப் பழகியவர். ஒரு பையன் ஒரு தடவை, அகராதியில் அந்தப் பக்கமே இல்லை என்று சொல்லிக் கிழித்த பக்கத்தை விழுங்கியும் காட்டியிருக்கிறான். "பதினெட்டு பேருக்கு இருக்கு, உனக்கு மட்டும் இல்லையா? போய் உக்காரு. அடுத்த தடவை தாளைப் பாரு."

"அதான் டீச்சர், தாளைப் பாத்தேன். நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்."

பின்னால் பதினெட்டு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பேனா மூடியை ஆராய ஆரம்பித்திருந்தார்கள். எர்சீலியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேள்வித்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி வாசித்தார். கிழவன் கதவருகே நின்றான், கிழவன் கையில் சாவியோடு செத்தான். அதற்குக் கீழே தாளின் விளிம்பு. இன்னொரு தாளை எடுத்தார். அதிலும் விளிம்பு. பத்தொன்பது தாளையும் வரிசையாகப் பார்த்தார். பத்தொன்பதிலும் பன்னிரண்டு வரிதான் இருந்தது.

"சரி. இதை நான் பாக்குறேன்" என்று தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். மிச்ச நேரத்துக்கு வினைச்சொல் நடத்தினார். அந்த வகுப்பு அவ்வளவு ஒழுக்கமாக வினைச்சொல் கேட்டது அதுதான் முதல் தடவை.

இடைவேளையில் நேராக நகல் எடுக்கும் அறைக்குப் போனார். அசுந்தீனா அங்கே ஃபொகாச்சா ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பள்ளியில் மணி அடிப்பது, தரை துடைப்பது, நகல் எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தலைமை ஆசிரியர்கள் ஏழு பேரைப் பார்த்துவிட்டார். ஒருத்தரையும் மதித்ததில்லை.

"அசுந்தீனா, இந்தத் தாள்ல கடைசி வரி எங்கே?"

"மெஷின் தின்னுடுச்சு" என்றார் அசுந்தீனா, மென்றுகொண்டே.

"எப்போ?"

"இந்த மெஷின் வந்த வருஷம். ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. இது வாலைக் கடிக்கிற ஜாதி, கீழ ஒரு விரக்கடை அடிக்காது. நான் அன்னைக்கே வந்து சொன்னேனே. நீங்கதான், நானே எழுதின தாள் எனக்குத் தெரியாதா, இருக்கிறபடியே அடின்னு சொன்னீங்க. அடிச்சேன். அடுத்த வருஷம் அந்த நகல்லேர்ந்து நகல் எடுத்தேன். நல்லவேளை, மறுபடி கடிக்கலை. கடிச்சிருந்தா இந்நேரம் உங்க கிழவன் செத்திருக்கவே மாட்டான்."

எர்சீலியா நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான், அது அசுந்தீனாவுடையது. அதில் வேறு யாரும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அசுந்தீனா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"பதிமூணு வருஷமா இல்லாத வரியை எப்படி எல்லாரும் மொழிபெயர்த்தாங்க?"

அசுந்தீனா கையைத் துடைத்துக்கொண்டார். "டீச்சரம்மா, நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா? நான் என்னவோ நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுட்டீங்கன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

மாடி நடையில் சுண்ணாம்பில் செய்த ரோமானியத் தலை ஒன்று உண்டு. மூக்கு உடைந்த தலை. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் அதன் கழுத்துக்குக் கீழே கைவைத்துவிட்டுப் போவார்கள். ஏதோ நம்பிக்கை, தொட்டால் நல்லது என்று நினைக்கிறார்கள் என்றே எர்சீலியா எடுத்துக்கொண்டிருந்தார். அசுந்தீனா தலையைச் சாய்த்து, உள்ளே கையை விட்டு, ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிபோல் பிளாஸ்டிக் உறை போட்ட தாள்.

"உறை நான் போட்டதில்லை" என்றார் அசுந்தீனா. "தூசி மட்டும் தட்டுவேன்."

முன்பக்கம் முழு மொழிபெயர்ப்பு, பதின்மூன்று வரி. தேதி 2001. யாரோ ஒரு பெண், தேர்வு முடிந்து வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து பத்தியை எழுதி, நிதானமாக மொழிபெயர்த்திருக்கிறாள். நல்ல மொழிபெயர்ப்பு. பின்பக்கம் ஓர் அட்டவணை. குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி, யார் யார் எந்தத் தப்பைச் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுத்திருந்தது. எல்லோரும் சரியாக எழுதினால் டீச்சருக்குச் சந்தேகம் வரும் அல்லவா? ஆகவே 'A' முதல் 'C' வரை: மூன்றாம் வரியிலிருந்து ஆறாம் வரிவரை வரிக்கு ஒரு நீலம், விருப்பப்படி நாலைந்து சிவப்பு. 'D' முதல் 'L' வரை: ஐந்தாம் வரியில் காலம் மாறலாம், இன்னும் இப்படிப் பல. கடைசியில் ஒரு குறிப்பு: ஏழுக்கு மேல் போக வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

எர்சீலியா நடையிலேயே நின்று அதை இரண்டு முறை படித்தார். சராசரி ஆறரை வகுப்பு என்று கால் நூற்றாண்டாக ஆசிரியர் கூட்டத்தில் அவர் சொல்லி வந்தது முழுக்க இந்தப் பின்பக்கத்தில் இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அட்டவணையில் ஒரு நிறுத்தக்குறி தப்பாக இருந்தது. கை தானாகப் பைக்குள் போய்ப் பென்சிலைத் தேடியது.

அப்போது ஒரோன்சோ நினைவுக்கு வந்தான். அந்த ஒரே ஒன்பது. 2013ஆம் வருட மாணவன். இப்போது அதே பள்ளியில் தற்காலிக ஆசிரியன். செப்டம்பரில் எர்சீலியாவின் இடத்துக்கு வரப்போகிறவன். பன்னிரண்டு வரித் தாளுக்கு அவன் எத்தனை வரி எழுதினான் என்று கணக்குப் போட எர்சீலியாவுக்கு அகராதி தேவைப்படவில்லை.

மத்தியானம் ஆசிரியர் அறையில் அவன் காப்பி இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். எர்சீலியா உறை போட்ட தாளை அவன் முன்னால் வைத்தார். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், இது..."

"இது என்னன்னு தெரியும். உனக்கு ஏன் ஒன்பதுன்னுதான் தெரியலை. ஏழுக்கு மேல போகக்கூடாதுன்னு எழுதியிருக்கே."

ஒரோன்சோ அசடு வழிந்தான். "பதட்டத்துல என் பங்குத் தப்பைப் போட மறந்துட்டேன் டீச்சர். நாலு நீலம். வீட்டுக்குப் போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ராத்திரி பூரா தூங்கலை. அப்புறம் நீங்க ஒன்பது போட்டு, வகுப்புல வாசிச்சுக் காட்டி, லத்தீன் ரத்தத்துல ஊறினவன்னு சொல்லிட்டீங்க. வேற வழியில்லாம லத்தீனையே படிச்சேன்."

"நல்லாப் படிச்சியா?"

"படிச்சேன் டீச்சர். இப்போ நெஜமாவே வரும்."

அது உண்மைதான். எர்சீலியாவே அவனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியிருந்தார். இதற்கு என்ன நிறம் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரோன்சோ குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிக்கிழமை கூட்டம். அந்தப் பொண்ணுக்கு ஆறு போட்டுடுங்க, கூட்டல் தப்புன்னு காரணம் எழுதிடுங்க. மேயர் விருந்துக்கு இடம் சொல்லிட்டார், தகடும் பொறிச்சாச்சு. அஞ்சு வாரம் டீச்சர். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரிஞ்சா என்ன டீச்சர், நீங்க போகப்போறவங்கதானே" என்று அவன் பிரியத்தோடுதான் சொன்னான்.

மறுநாள் எர்சீலியா நீவெஸைத் தனியாகக் கூப்பிட்டார். பதின்மூன்று வருடத்தில் தாள் முடிந்த இடத்தில் நிறுத்திய ஒரே ஆள் இந்தப் பெண். ஒரு மனிதராவது நேர்மையாக இருந்திருக்கிறார் என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதைக் காதால் கேட்க ஆசைப்பட்டார்.

"சிலைக்குள்ள இருந்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர். முதல் வாரமே காமிச்சாங்க. நல்ல பசங்க."

"அப்புறம் ஏன் அதை எழுதலை?"

நீவெஸ் யோசித்தாள். "எனக்கு மனப்பாடம் வராது டீச்சர். சின்ன வயசுலேர்ந்தே வராது. பதிமூணு வரியை எவன் படிப்பான், அதுக்குத் தாள்ல இருக்கிறதைப் பாத்து எழுதிடலாம்னு விட்டுட்டேன்."

எர்சீலியா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முப்பத்தேழு வருடமாக அவர் தேடிய மாணவி கடைசியில் சோம்பேறித்தனத்தால் கிடைத்திருந்தாள்.

"அந்தக் கிழவன் கதை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். இதுவரை யாரிடமும் அவர் கேட்காத கேள்வி.

"பாவம் டீச்சர். நல்ல மனுஷன். செத்தாலும் வேலையை விடலையே."

கடைசி வரி இல்லாமல் படித்தால் கதை அப்படித்தான் முடியும். எர்சீலியா அவளைத் திருத்தவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஆசிரியர் அறைக் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். பள்ளியின் மின்பதிவேட்டில் ஏற்கெனவே ஏறிய மதிப்பெண்ணை மாற்றினால் காரணம் எழுத வேண்டும். தேர்வுத்தாளில் தவறு என்றால் அது வகுப்பு நாட்குறிப்பிலும் ஏறும். நாட்குறிப்பை எல்லாப் பெற்றோரும் செல்போனில் படிப்பார்கள். ஒரோன்சோ பின்னால் வந்து நின்றான். "கூட்டல் தப்பு. ரெண்டே வார்த்தை டீச்சர்" என்றான். எர்சீலியா ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார்:

"ஏப்ரல் தேர்வுத்தாளில் கடைசி வரி அச்சாகவில்லை. ஆசிரியை கவனிக்கவில்லை. அந்த வரியை மொழிபெயர்க்காத மாணவியின் மதிப்பெண் நாலரையிலிருந்து ஆறாகத் திருத்தப்படுகிறது. மற்ற பதினெட்டு மாணவர்களும் அந்த வரியை மொழிபெயர்த்திருக்கிறார்கள்."

"கடைசி வாக்கியம் வேண்டாமே டீச்சர்" என்றான் ஒரோன்சோ.

"ஏன், இலக்கணம் சரியில்லையா?"

"இலக்கணம் சரியாத்தான் இருக்கு."

எர்சீலியா பொத்தானை அழுத்தினார். பயமாக இருந்தது, அதை மறைக்க அவர் முயலவில்லை. மேசையிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரமானது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் படித்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. பதினெட்டு வீட்டிலும் அண்ணனோ அக்காவோ சித்தப்பாவோ அதே சிலைக்குள் கையை விட்டவர்களாக இருந்தால் என்னவென்று சண்டை போடுவது? மருந்துக்கடைக்காரர் எதிர்ப்பட்டபோது சட்டென்று அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்தார். மேயர் தொலைபேசியில் கூப்பிட்டு, விருந்தை வேறொரு தேதிக்குத் தள்ளிவைப்பதாகவும் தேதி பிறகு சொல்வதாகவும் மரியாதையாகச் சொன்னார். தகடு பொறித்த கடையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீவெசின் பெயர் வந்ததும் தலைமை ஆசிரியர் "கணக்கு ஐந்து, லத்தீன் ஆறு, அனுப்பலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லி அடுத்த பெயருக்குப் போனார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஆறு, இருபது வருடத்துக்கு மேலாக எர்சீலியா போட்டதிலேயே நிஜமான ஒரே ஆறு. அதைச் சொல்ல அங்கே யாரும் கேட்கவில்லை.

பள்ளியின் கடைசி வாரம் புதன்கிழமை எர்சீலியா வகுப்புக்குள் வந்து அதே தாளை எல்லோருக்கும் கொடுத்தார். பன்னிரண்டு வரித் தாள்.

"அகராதியை எடுங்க. ரெண்டு மணி நேரம்."

"டீச்சர், இதுக்கு மார்க் உண்டா?" என்று ஒருவன் கேட்டான்.

"கிடையாது. என்கிட்ட இருந்த மார்க்கெல்லாம் தீந்துடுச்சு. தாள்ல இருக்கிறதை மட்டும் மொழிபெயர்க்கணும். இல்லாததை எழுதினா நீலம்."

பதினெட்டு பேர் முதன்முறையாக அந்தத் தாளைப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் நெற்றியெல்லாம் வியர்த்தது. காவலன் என்ற சொல்லுக்கே ஒருத்தி அகராதியில் நான்கு பக்கம் புரட்டினாள். எர்சீலியாவுக்கு வேடிக்கை பார்க்க மனம் வரவில்லை. கண்காணிக்கவும் ஒன்றுமில்லை. ஒரு தாள் மிச்சமிருந்தது. இந்தப் பத்தியை எழுதியது அவர்தான், ஆனால் உட்கார்ந்து இதுவரை அவர் மொழிபெயர்த்ததே இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தேதி போட்டு, வலது மூலையில் பெயரையும் எழுதி ஆரம்பித்தார். அகராதியையும் இரண்டு தடவை புரட்டினார். தன்னுடைய லத்தீன் சில இடங்களில் கொஞ்சம் கரடுமுரடாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மணி அடிக்கும்போது எழுதி முடித்திருந்தார்.

பிள்ளைகள் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீவெஸ் கடைசியாக வந்தாள்.

"நில்லும்மா" என்றார் எர்சீலியா. தன் தாளையும் பென்சிலையும் அவளிடம் நீட்டினார். "இதைத் திருத்து."

"நானா?"

"நீதான் தாளைப் பாக்குற ஆள்."

நீவெஸ் பையை இறக்கிவைத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். இடது கை விரல் கேள்வித்தாளில், வலது கை விரல் டீச்சரின் தாளில். இரண்டு விரலும் ஒரே வேகத்தில் இறங்கின. உதடு அசைந்தது. சிவப்பு எங்கேயும் விழவில்லை. ஓர் இடத்தில் நிறுத்தி அகராதியைப் பார்த்தாள், பிறகு "சரிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே போனாள். எர்சீலியா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வாய்மொழித் தேர்வுக்கு மேசை முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகள் ஏன் காலை மாற்றி மாற்றி வைக்கிறார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

அடிவரை போனதும் இடது விரல் நின்றது. வலது விரலுக்கு இன்னும் ஒரு வரி பாக்கியிருந்தது. நீவெஸ் கேள்வித்தாளைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினாள். பிறகு பென்சிலை மெதுவாக நீலத்துக்கு மாற்றிப் பிடித்தாள்.

"டீச்சர், இந்த வரி தாள்ல இல்ல."

எர்சீலியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவருடைய கையெழுத்துதான். கதவைத் திறந்து பார்த்தபோது களஞ்சியம் காலியாக இருந்தது. பூட்டு மட்டும் நல்ல நிலையில் இருந்தது. அதை எழுதியதாகவே அவருக்கு நினைவில்லை.

"போடு" என்றார்.

நீவெஸ் பள்ளி அடையாள அட்டையை அளவுகோலாக வைத்து இரட்டைக்கோடு போட்டாள். கோடு நேராக வந்தது. அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தாள்.

"அப்போ உள்ள ஒண்ணுமே இல்லையா டீச்சர்?"

"இல்லை."

"அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவன் கதவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்."

நீவெஸ் தான் போட்ட கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு, "எவ்வளவு கழிக்கட்டும்?" என்று கேட்டாள்.

"உனக்கு எவ்வளவு கழிச்சேன்?"

"ஒன்றரை."

"அதையே கழி."

நீவெஸ் மேல் மூலையில் எட்டரை என்று எழுதி, எர்சீலியா வழக்கமாகப் போடுவதுபோலவே ஒரு வட்டம் போட்டாள். எழுந்து இரண்டு கையாலும் தாளை நீட்டினாள். அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். மனப்பாடமே வராத பெண்ணுக்கும் அது தெரிந்திருந்தது.

"அடுத்த தடவை தாளைப் பாருங்க டீச்சர்."

"பாக்குறேன்" என்றார் எர்சீலியா.